கடல் பெருசு என்று நான் சொன்னது

தாயி,

முதலில் பிள்ளைகள் சேதி. உன் அண்ணன் மகள் நந்தினி இந்தத் தேர்விலும் வகுப்பில் முதல். பசுமலைக்குத் தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வருகிறவள், உட்கார்ந்து படிக்க நேரம் எங்கே கிடைக்கிறதோ தெரியவில்லை. அவள் தம்பி கார்த்தி நீளம் தாண்டுவதில் மாவட்டத்தில் இரண்டாவதாக வந்து கோப்பையோடு வந்தான். "முதல்ல வந்தவனுக்குக் காலு நீளம் அப்பத்தா, அது அவுக அம்மா குடுத்தது" என்கிறான். கோப்பையைக் கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், இட்லி வாங்க வருகிறவர்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். உன் மகள் யாழினி கரையிலிருந்து படகு வரைக்கும் நீந்திப் போய்த் திரும்பி வந்ததை நீ வீடியோ அனுப்பினாயே, அதை வில்லாபுரத்தில் பார்க்காத ஆளே கிடையாது. எட்டு வயதுப் பிள்ளை! நம் வம்சத்தில் இதுவரைக்கும் இடுப்புக்கு மேல் தண்ணீரில் இறங்கியவர்கள் யாரும் இல்லை. உன்னைத் தவிர.

இத்தனை பெருமையையும் மேலே எழுதிவிட்டேன். கீழே எழுதப்போவதில் பெருமை ஒன்றும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ உன் அண்ணனிடம் பேசியது எனக்கும் கேட்டது. கடையில் கூட்டம், அவன் போனை ஸ்பீக்கரில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டுத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தான். "இனி எண்ணுறதுக்குக் கடல்ல புல்லே இல்லண்ணே. நாலு மூலச் சட்டத்தத் தரையில போட்டா உள்ள வெறும் மணலு. மணல எண்ணுறதுக்கு ஒரு ஆளு எதுக்கு? பெங்களூர்ல ஒரு கம்பெனில கூப்புடுறாக, கம்ப்யூட்டர் வேல. அடுத்த மாசம் போறேன்" என்றாய். உன் அண்ணன், "அப்பாடா, இப்பவாச்சும் புத்தி வந்துச்சே" என்றான். பார்சலுக்கு நின்ற ஆட்டோக்காரப் பாண்டி நடுவில் புகுந்து, "தங்கச்சிக்குப் பெங்களூரா? அங்க கடலே இல்லையேண்ணே" என்றான். "அதான் போறா" என்று தோசையைத் திருப்பினான் உன் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். என் கை அப்போது பாண்டிக்குச் சாம்பார் கட்டிக்கொண்டிருந்தது. எந்தப் பிளாஸ்டிக் கவரில் கட்டினேன் என்று உனக்குத் தெரியும்.

போனில் நீ என்னிடம் பேசினால் "ம்" என்கிறாய், நானும் "ம்" என்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுதியது, பிழையெல்லாம் நந்தினி திருத்தினாள். திருத்தியதும், இதைத் தன் கல்லூரி மலரில் போடட்டுமா என்று கேட்டாள். போடட்டும். நான் உனக்குச் செய்தது இந்தக் கடிதம் படிக்கிற பலரும் அவரவர் தெருவில் செய்ததுதான்.

உனக்கு நினைவிருக்கிற இடத்திலிருந்தே தொடங்குகிறேன். கடை ஆரம்பித்த காலத்தில் நம் தெருவிலேயே சுத்தமான வாசல் நம்முடையது. வந்தவர்கள் போனபிறகு நான் விளக்குமாற்றை எடுத்துவிடுவேன். இலை, பேப்பர், சட்னிக் கவர், சாம்பார்க் கவர், அதைக் கட்டிய நூல் எல்லாவற்றையும் கூட்டிச் சேர்த்து, வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற வாய்க்காலில் தள்ளிவிட்டு, வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் மறுவேலை. "ஓட்டல் வாசலா, கோயில் வாசலா" என்று ஆட்கள் சொன்னால் எனக்கு மனசு குளிர்ந்துபோகும். கோடையில் வாய்க்கால் அடைத்துக்கொண்டு நாறும். ஐப்பசி மழைக்காக விவசாயிகள் காத்திருந்தது போலத்தான் நாங்களும் காத்திருந்தோம். அவர்கள் நெல்லுக்கு, நாங்கள் குப்பை போவதற்கு. ஒரு வருஷம் மழை வெளுத்து வாங்கி, வாய்க்கால் பொங்கி, விடிந்து பார்த்தால் அடைப்பு மொத்தமும் அடித்துக்கொண்டு போயிருந்தது. வாய்க்கால் துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சர்க்கரைப் பொங்கல் வைத்துத் தெருவுக்கே கொடுத்தேன். நீ கையில் தொன்னையோடு நின்று, "எல்லாம் எங்கம்மா போச்சு?" என்று கேட்டாய். "கடலுக்குப் போயிருக்கும்" என்றேன். "கடல்ல இருந்து எங்க போகும்?" என்றாய். "கடல் பெருசு தாயி. அதுக்கு அம்புட்டையும் முழுங்க வயிறு இருக்கு" என்றேன்.

பதில் தெரியாமல் சொன்ன சொல் அது. கடலை நான் அதுவரை பார்த்ததுகூட இல்லை.

நீ கடலைப் படிக்கப் போகிறேன் என்று நின்றபோது வீட்டில் நடந்த சண்டையை எழுதவேண்டியதில்லை. பெரியப்பா வீட்டில், "புல்லு எண்ணுறதுக்கா எம்.எஸ்.சி.? எங்க வயல்ல வந்து எண்ணச் சொல்லு, களையெடுத்த மாதிரியும் ஆச்சு" என்று சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். உள்ளுக்குள் மட்டும், இது நாம் சொன்ன சொல்லைச் சரிபார்க்கப் போகிறது என்று ஒரு பயம் இருந்தது.

அடுத்தது நான் எழுதத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது. உன் அப்பாவின் அஸ்தியோடு ராமேஸ்வரம் போனோம். முழுக்குப் போட்டுவிட்டு, அவருடைய வேட்டி துண்டையும் நான் கட்டியிருந்த சேலையையும் கடலில் விட்டேன். விடவேண்டும் என்று எல்லோரும் விட்டார்கள், நானும் விட்டேன். அது சாஸ்திரமா பழக்கமா என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. நீ மாற்றுப் புடவையோடு கரையில் நின்றவள், அப்படியே தண்ணீரில் இறங்கி, அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்து, என் சேலையையும் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் மிதந்த யார் யாருடைய துணியையோ எல்லாம் வாரிக்கொண்டு ஏறினாய். "இது கரையாதும்மா. நைலக்ஸ் சேல. புல்லு மேல போய்ப் போர்வ மாதிரி படுத்துக்கிரும், கீழ வெயிலே போகாது" என்றாய். உன் சித்தப்பா, "போன உசுர வீட்டுக்குத் திரும்பக் கூட்டிட்டுப் போகவா பாக்குற?" என்று கத்தினார். அத்தனை பேர் முன்னாலும் நான் உன் கன்னத்தில் அறைந்தேன். பூப்பெய்திய நாளிலிருந்து உன் மேல் கை வைக்காதவள், அன்றைக்கு அறைந்தேன். ஈரத்துணி தோளிலிருந்து சொட்டச் சொட்ட, அழாமல் நின்றாய். ஒரு வார்த்தை சொன்னாய், "அப்பா வேட்டிய நான் வச்சுக்கிறேன்மா." அவ்வளவுதான்.

மன்னிப்பு கேட்க எனக்கு வழி தெரியவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து யாழினி பிறந்தபோது உன்னைப் பார்க்க வந்தேன், அந்த வேட்டிதான் தொட்டிலாகத் தொங்கியது. துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆகியிருந்தது. அன்றைக்காவது நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். "நல்லாத்தான் கட்டியிருக்க தூளி" என்று மட்டும் சொன்னேன்.

அந்தத் தடவைதான் நீ என்னைக் கரைவலை இழுக்கிற இடத்துக்குக் கூட்டிப்போனாய். அத்தனை பேர் அவ்வளவு நேரம் இழுத்த வலையில் மீன் இரண்டு கூடை. மற்றதெல்லாம் கவர். கறுப்பு, வெள்ளை, ஊறுகாய், ஷாம்பு. ஒரு கவரில் வாய்ப்பக்கம் நூல் சுற்றி முடிச்சுப் போட்டபடியே இருந்தது. உள்ளே சாம்பாருக்குப் பதில் மணல். சாம்பார்க் கவர் கட்டுகிறவர்களுக்கு அந்தச் சுற்று தெரியும், இரண்டு சுற்று, ஒரு மடிப்பு, ஓர் இழுப்பு. நான் கட்டியது என்று சொல்லமுடியாது. நான் கட்டியது இல்லை என்றும் சொல்லமுடியாது. வலை உதறிக்கொண்டிருந்த ஓர் அம்மா என் பேச்சைக் கேட்டுவிட்டு, "மதுரைக்காரவுகளா? உங்க ஊரு சாம்பாரு எங்க வலைக்கு வந்துக்கிட்டேதான் இருக்கு ஆத்தா. இட்லியத்தான் ஒருநாளும் காணோம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். திரும்பி வருகிற வழியெல்லாம் கருவேல மரங்களில் கவர்கள் பூத்துக் கிடந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். கடலுக்குப் போகிற வழியில் மாட்டிக்கொண்டவை. மாட்டாதவை போய்ச் சேர்ந்துவிட்டன.

அன்று நீ சொல்லிக்கொடுத்ததை நான் மறக்கவில்லை. மதுரையில் பெய்கிற ஐப்பசி மழை கிழக்கே கடலில் எழுந்து வருகிறது என்றாய். கடல் கெட்டால் மழைக்கும் கிறுக்குப் பிடிக்கும், பெய்யவேண்டிய நாளில் பெய்யாது, பெய்தால் ஒரேயடியாகக் கொட்டும் என்றாய். ஒன்றும் புரியாமல் நான் விழித்தபோது, "ரெண்டு மூச்சு இழுத்தா அதுல ஒண்ணு கடல் குடுத்ததும்மா" என்றாய். கடற்புல் என்பது கடலுக்கு அடியில் இருக்கிற மேய்ச்சல் காடு, கடற்பசு அதை மேய்கிறது, இறாலும் நண்டும் மீன்குஞ்சும் அதற்குள்தான் வளர்கின்றன, அது போனால் வலை போட்டும் பிரயோஜனமில்லை என்றாய். கடற்கரையில் வாழாத எனக்கும், கடலையே பார்க்காமல் செத்துப்போன என் அம்மாவுக்கும், அது சோறும் தண்ணீரும் மூச்சும் கொடுத்திருக்கிறது. நாங்கள் அதற்குக் கொடுத்தது சாம்பார்க் கவர்.

வீட்டுக்கு வந்ததும் கவரை நிறுத்தினேன். நிறுத்திய கதை உனக்குப் பாதிதான் தெரியும். முதலில் 'மக்கும் பை' என்று அச்சடித்த கவர் வாங்கினேன். தெருவில் முதலில் வாங்கியவள் நான்தான், அதற்கும் ஒரு பெருமை. நீ பொங்கலுக்கு வந்தபோது அதில் ஒன்றை எடுத்து, ஊறுகாய் ஜாடியில் உப்புத் தண்ணீர் ஊற்றி, உள்ளே போட்டு மூடி அலமாரியில் வைத்தாய். "மக்குறப்ப சொல்லும்மா" என்றாய். இன்னும் சொல்லவில்லை. ஜாடி அங்கேயேதான் இருக்கிறது. கவர் மேல் அச்சடித்த பச்சை இலை மட்டும் கொஞ்சம் வெளுத்திருக்கிறது.

பிறகு பலகை எழுதி மாட்டினேன், பாத்திரம் கொண்டுவந்தால் ஓர் இட்லி இலவசம். கூட்டம் தூக்குவாளியோடு வந்தது, எனக்கு வாயெல்லாம் பல். மூடியைத் திறந்தால் உள்ளே கவரை விரித்துக்கொண்டு வந்திருக்கிறான் பாண்டி. "இது என்னடா?" என்றேன். "நீங்க பாத்திரந்தான கேட்டீக, கொண்டாந்துட்டேன். அதக் கழுவுறது யாரு ஆச்சி? எம் பொண்டாட்டி தூக்கோட சேத்து என்னையவும் வெளிய எறிஞ்சிருவா" என்றான். அதே மாதிரி பாதிப் பேர். மீதிப் பாதி எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள், அங்கே கவர் உண்டு. ஒரு மாதம் தாக்குப்பிடித்தேன். ஒருநாள் மாவு மிஞ்சிப் புளித்துப்போய்க் கொட்டும்போது உன் அண்ணன் கேட்டான், "ஏம்மா, அம்புட்டுப் பெரிய கடலக் காப்பாத்த இந்தச் சின்னக் கடையத்தான் மூடணுமா? பெரிய பெரிய படகெல்லாம் மடி வலயப் போட்டுக் கடல அடியோட வழிச்சுட்டுப் போறான், அவனக் கேக்க ஆளில்ல. உன் மககிட்டயே கேளு." உன்னைக் கேட்டேன். நீ பொய் சொல்லவில்லை. "அண்ணே சொல்றது நெசந்தாம்மா. இழுவ மடி, சாக்கடத் தண்ணி, கடலே சூடாகிப்போச்சு. உன் கவரால மட்டுமில்ல" என்றாய். என்னைத் தேற்றச் சொன்னாய். அந்தத் தேறுதலைப் பிடித்துக்கொண்டுதான் நான் மறுநாள் கவரை மறுபடி எடுத்தேன். என் கவரால் மட்டுமில்லையே என்று. எதிர்க்கடைக்காரரும் அப்படித்தான் நினைத்திருப்பார். மடி போடுகிறவரும் அப்படித்தான் நினைப்பார்.

அரசாங்கம் தடை போட்டபோது ஆள் வந்து கவரைப் பிடுங்கிப்போனார்கள். இரண்டு வாரம் தெருவே தூக்குவாளியோடு நடந்தது, பார்க்க அவ்வளவு அழகு. பிறகு சோதனைக்கு வருகிறவர்கள் வருவதை நிறுத்தினார்கள், கடைகளில் ஒளித்து வைத்த கவர் தராசுக்கு அடியிலிருந்து மேலே வந்துவிட்டது.

மிச்சம் என்னவென்று உனக்குச் சொல்லவேண்டும், கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். நான் வாய்க்காலில் தள்ளுவதை விட்டுவிட்டேன். குப்பையைப் பிரித்துச் சாக்கில் கட்டி வண்டிக்காரப் பெண்ணிடம் கையில் கொடுக்கிறேன், அவள் அதை எங்கே கொட்டுகிறாள் என்று எனக்குத் தெரியாது. பொடி மீன், சினை நண்டு வாங்குவதில்லை, நான் வாங்காததைப் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்கிறார்கள். ராமேஸ்வரம் போகிறவர்களிடம் துணியைக் கடலில் விடாதீர்கள், யாருக்காவது கொடுங்கள் என்று சொல்கிறேன், "உனக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா" என்று முகத்துக்கு நேரே கேட்கிறார்கள். கவர் இல்லாமல் வாங்குகிறவர்கள் நான்கு பேர். அதில் தையல்கடை பாத்திமா அக்கா ஒருவர், அவர் நான் சொல்வதற்கு முன்னாலிருந்தே சட்டியோடு வருகிறவர். "எங்க உம்மா காலத்துச் சட்டி இது, இதுல வாங்குனாத்தான் ருசி. உன் கடலுக்காவ இல்ல" என்கிறார். அவரைக் கழித்தால் மூன்று. இத்தனை வருஷத்தில் மூன்று பேர், தாயி.

அதனால் நீ போகாதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. இருந்து என்ன பார்ப்பாய்? நீ சட்டத்தைப் போடுவாய், உள்ளே மணல் இருக்கும், நீ அதை எழுதுவாய், எழுதியதை யாரோ அடுக்கி வைப்பார்கள். இங்கே உன் அம்மா சாம்பார் கட்டுவாள். உன் இடத்தில் நான் இருந்தால் எப்போதோ போயிருப்பேன். பெங்களூரில் யாழினிக்கு நல்ல பள்ளிக்கூடம் கிடைக்கும், மாப்பிள்ளைக்கும் வேலை கிடைக்கும். போ. ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு போ. அன்றைக்கு ராமேஸ்வரத்தில் நீ செய்தது சரி, நான் அடித்தது தப்பு. நான் போனபிறகு உன் சித்தப்பா சாஸ்திரம் பேசுவார், உன் அண்ணன் தலையாட்டுவான். என் சாம்பலைக் கரைத்தாலும் சரி, கரைக்காவிட்டாலும் சரி, என் சேலையில் ஒரு நூல்கூடத் தண்ணீரில் விழக்கூடாது. அதை இங்கே எழுதிவிட்டேன், நந்தினி சாட்சி.

இனி நான் கேட்க நினைத்தது. சாம்பார் அண்டாவுக்கு மேலே சுவரில் உன் போட்டோ ஒன்று மாட்டியிருக்கிறேன், வேலைக்குச் சேர்ந்த வருஷம் எடுத்தது. இடுப்பளவு தண்ணீரில் சட்டத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாய். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, உன் காலைச் சுற்றிப் புல் பச்சைப் பசேலென்று சாய்ந்து நிற்கிறது. பார்சலுக்கு நிற்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். "யாரு ஆச்சி, நடவு வயலா?" என்று கேட்பார்கள். "எம் மக. அது கடலு" என்பேன். "கடலு இம்புட்டு நல்லாவா இருக்கு!" என்று சொல்லிவிட்டுச் சாம்பார்க் கவரை வாங்கிக்கொண்டு போவார்கள். அந்தப் போட்டோவை மாட்டி வைத்து, கடல் நன்றாக இருக்கிறது என்று இத்தனை வருஷமாகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கடல் பெருசு என்று உன்னிடம் சொன்ன மாதிரியே.

ஊரை விட்டுப் போவதற்கு முன்னால் ஒருநாள் அதே இடத்துக்குப் போ. அதே அளவு தண்ணீரில் நின்று, சட்டத்தை அதே மாதிரி பிடித்துக்கொள். காலடியில் வெறும் மணல்தான் இருக்கும், அதுதான் தெரியவேண்டும். யாழினியிடம் போட்டோ எடுக்கச் சொல், அவளுக்குத்தான் அந்த ஆழம் வரைக்கும் வரத் தெரியும். இதைப் பழைய போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டப்போகிறேன். இட்லி வேகிற நேரம் நிற்கிறவர்களுக்கு வேறு வேலை இல்லை, இரண்டையும் மாறி மாறிப் பார்க்கட்டும். கேட்டால் சொல்வேன். பாண்டி அதற்கும் ஏதாவது கேலி பேசுவான், பேசட்டும். நான்கு பேர் ஐந்து பேராக ஆவார்களா என்று எனக்குத் தெரியாது, ஆகமாட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. போனில் அனுப்பாதே, போனில் வந்தால் நான் மட்டும் பார்ப்பேன். போட்டோக் கடையில் கொடுத்துப் பெரிதாகக் கழுவி, மடங்காமல் அட்டை வைத்துத் தபாலில் அனுப்பு. சிரிக்கவேண்டியதில்லை.